மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு

கேட்டிருப்பவர் ஒரு தங்கச்சி. ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறதாம். கூட்டத்துக்குப் போகக்கூடாது, ஆட்கள் வந்து பார்க்கக்கூடாது, கோயில் கிடையாது, மாடி அறையும் ஒரு ஜன்னலும்தான். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. சபையில் ஒருவர் போன் பண்ணி, "ஆண்டவர் உங்களோடு தனியாகப் பேசத்தான் இப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார், சந்தோஷப்படுங்க" என்றாராம். "எனக்குச் சந்தோஷமே வரல, அழுகைதான் வருது, அப்போ என் விசுவாசம் பொய்யா?" என்று கேட்கிறார்.

பொய் இல்லை, தங்கச்சி. போன் பண்ணியவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அவர்மேல் வருத்தம் வேண்டாம், ஆனால் அவர் சொன்னதை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஆதாம் இன்னும் பாவம் செய்யவில்லை. தோட்டம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, செய்ய வேலை இருக்கிறது, தேவனே பக்கத்தில் இருக்கிறார். ஒரு குறையும் இல்லாத அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் தேவன் "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்கிறார். முதல் அதிகாரம் முழுக்க நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் முதல் தடவையாக நல்லதல்ல என்று சொன்னது இதைத்தான். தேவன் கூடவே இருக்கும்போதும் மனுஷனுக்கு மனுஷன் வேண்டும் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, அவரே. அப்படியிருக்க, ஆள் இல்லாமல் உங்களுக்கு நெஞ்சை அடைக்கிறது என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1994-ல், காலேஜ் இரண்டாம் வருஷத்தில், எனக்கு டி.பி. வந்தது. ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன், ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். வீட்டுக்குப் பின்னால் விறகும் பனை ஓலையும் போட்டு வைக்கிற அறையை ஒழித்து எனக்குக் கட்டில் போட்டார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளரின் அடியில் தங்கையின் நெயில் பாலிஷில் சிவப்பாக ஒரு பொட்டு, மாறிவிடக்கூடாது என்று. மாத்திரை போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், முதல் நாள் ரத்தம் என்றே பயந்துவிட்டேன். ஒழுங்காக மாத்திரை எடுத்தால் சில வாரத்தில் மற்றவர்களுக்குப் பரவாது என்று டாக்டர் என் அம்மாவிடம் சொல்லித்தான் அனுப்பினார், ஆனால் அந்தச் சிவப்புப் பொட்டு ஆறு மாதமும் டம்ளரை விட்டுப் போகவில்லை. சபையிலிருந்து ஆரம்பத்தில் ஒருவரும் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஆண்டவர் போதும்' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, வராதவர்களைப் பெயர் சொல்லி மனதுக்குள் திட்டிக்கொண்டு, அதை ஆவிக்குரிய பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன் பவுலைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் தனிமையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் எடுப்பது இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரம்தான். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்" என்ற வசனம் எல்லோருக்கும் தெரியும், கல்லறைகளில் பாதி அதுதான் வெட்டியிருக்கும். அதற்கு நாலு வரி கீழே இறங்கிப் படிக்கிறவர்கள் குறைவு. தேமா விட்டுவிட்டுப் போய்விட்டான். கிரெஸ்கே கலாத்தியாவுக்கு, தீத்து தல்மாத்தியாவுக்கு. லூக்கா மாத்திரம் இருக்கிறான். முதல் விசாரணையில் நின்றபோது கூட நிற்க ஒருவனும் இல்லை, எல்லாரும் கைவிட்டார்கள். அப்புறம் பவுல் தீமோத்தேயுவிடம் கேட்கிற சாமான்களைப் பாருங்கள்: துரோவாவில் கார்ப்பு வீட்டில் நான் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் எடுத்து வா, தோற்சுருள்களை மறந்துவிடாதே. வரும்போது மாற்குவையும் கூட்டிக்கொண்டு வா. மாரிகாலத்துக்கு முன் வந்து சேர்.

கடைசி வரியை நாம் சும்மா ஒரு விசாரிப்பு மாதிரி வாசித்துவிட்டுப் போகிறோம். அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலில் குளிர்காலம், அதாவது இந்த மாரிகாலம், தொடங்கிவிட்டால் கப்பல் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிடும், மறுபடி வசந்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தன் முடிவு நெருங்கிவிட்டது என்று அதே அதிகாரத்தில் எழுதியிருக்கிற மனுஷன், மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்கிறார். பிந்தினால் நீ வரும்போது நான் இருக்க மாட்டேன் என்று அர்த்தம். குளிர்கிறது, போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை, வாசிக்க ஒன்றும் இல்லை, நீ வேண்டும். ரோமாபுரியின் கொட்டடியில் இருந்துகொண்டு அப்போஸ்தலன் எழுதுகிற கடிதம் இது. இதே கையெட்டு தூரத்தில் "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்றார்" என்ற வரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம்தான். கர்த்தர் துணை நின்றார் என்பதால் பவுல் மேலங்கி வேண்டாம் என்று சொல்லவில்லை, மேலங்கி கேட்டதால் கர்த்தர் போதாது என்றும் ஆகிவிடவில்லை.

பிலிப்பியரிலும் இதே கதைதான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை ஆட்டோ பின்னாலும் காலண்டரிலும் பார்த்திருப்பீர்கள். அது 4:13. அடுத்த வசனத்தை ஒட்டிய ஆட்டோவை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று 14-ஆம் வசனத்தில் சொல்கிறார். பிலிப்பி சபையார் தங்கள் காணிக்கையை எப்பாப்பிரோதீத்து என்ற ஒரு ஆள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், அவன் வந்த இடத்தில் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான், அவன் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்று எழுதிய அதே கடிதத்தில்.

கெத்செமனேயைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக்கூடாதா என்று இயேசுவே கேட்டார், கேட்டும் கிடைக்கவில்லை. கேட்டும் கிடைக்காத நிலைமையில் அவரும் இருந்திருக்கிறார் என்பது உங்களைப்போல மாடி அறையில் இருக்கிறவர்களுக்கு லேசான விஷயம் இல்லை.

தமியான் அடிகளாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு, 1873-ல் ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்குப் போனவர். போனபின் சுகாதார அதிகாரிகள் அவரும் வெளியே வரக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். மாதக் கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்ய இன்னொரு குரு இல்லை. ஒருநாள் அவருடைய துறவற சபையின் மேலதிகாரியான குரு ஒருவர் கப்பலில் வந்தார், கரையிறங்க அவருக்கு அனுமதி இல்லை, தமியான் கப்பலில் ஏறவும் அனுமதி இல்லை. தமியான் படகில் நின்றபடி, கப்பல் தளத்தில் நின்றவரைப் பார்த்து, மாலுமிகள் காதுபட, தன் பாவங்களைச் சத்தம் போட்டுப் பிரெஞ்சில் அறிக்கையிட்டார். வெட்கத்தை விட அவசியம் பெரிதாக இருந்தது. தேவனோடு மட்டும் பேசிக்கொண்டால் போதுமே என்று அவரைப் பார்த்து யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ. அவரே தொழுநோயாளியாகி 1889-ல் இறந்தார், 2009-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சரி, இப்போது என் விறகு அறைக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் அம்மாவிடம் ஒரு போஸ்ட் கார்டு வாங்கி, எங்கள் சபையைக் கவனிக்கிற உபதேசியாருக்கு எழுதினேன். அவர் இருந்தது மூன்று தெரு தள்ளித்தான், இருந்தாலும் ஆள் விட்டுக் கூப்பிட வெட்கம், கார்டு போட்டேன். என்ன எழுதுவது என்று தெரியாமல், "ரேடியோவுக்கு பேட்டரி இரண்டு வேண்டும், முடிந்தால் வந்துபோகவும்" என்று எழுதினேன். மறுநாள் கார்டு கிடைத்த கையோடு வந்துவிட்டார், சட்டைப்பையில் பேட்டரி. உள்ளே வரவில்லை, அவருக்கும் பயம்தான், ஜன்னலுக்கு வெளியே உரலைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ சொன்னாத்தானலே எனக்குத் தெரியும்? நீ காலேஜுக்குத் திரும்பிட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார். நான் மூன்று வாரமாகப் பெயர் சொல்லித் திட்டிய பட்டியலில் முதல் ஆள் அவர்.

அப்புறம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்தார். பிரசங்கம் பண்ணவில்லை. கண்ணாடியை மூக்கில் மாட்டி, சங்கீதத்தில் ஒன்றை எடுத்து, கோயிலில் வாசிக்கிற அதே நீட்டல் குரலில் வாசித்துவிட்டு, மழை, கருப்பட்டி விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார்.

யாக்கோபு 5:14-ஐ இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால் "அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக". வரவழைக்க வேண்டியது வியாதிப்பட்டவன். மூப்பர்கள் தாங்களாக மோப்பம் பிடித்து வருவார்கள் என்று யாக்கோபு எதிர்பார்க்கவில்லை, மூப்பர்களை அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் போல. உடம்பு முடியாதவன்தான் கூப்பிட வேண்டும் என்பது அநியாயமாகத்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கூப்பிடுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது என்றும் அது சொல்கிறது, அதை நீங்கள் பயன்படுத்தினால் யாருக்கும் பாரமாகிவிட மாட்டீர்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம், ஜெபத்தில் வார்த்தை வராதது. வராவிட்டால் வரவேண்டாம். கடன் வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் சபைகளில் சொந்த வார்த்தையில், கண்ணீரோடு, தடங்கல் இல்லாமல் ஜெபித்தால்தான் ஜெபம் என்று ஒரு எண்ணம் வேரூன்றிவிட்டது, எழுதி வைத்த ஜெபம் என்றால் இளப்பம். சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டாரே, அது சங்கீதம் 22-ன் முதல் வரி. மூச்சு முட்டுகிற நேரத்தில் அவரும் முன்னோர் எழுதி வைத்ததைத்தான் எடுத்தார்.

உங்களுக்கு முதலில் சங்கீதம் 102-ஐச் சொல்வேன். வேதனைப்படுகிறவன் தன் விண்ணப்பத்தைக் கர்த்தரிடம் ஊற்றும்போது சொல்லும் ஜெபம் என்று மேலேயே எழுதியிருக்கும். சாப்பிடக்கூட மறந்தேன், எலும்பு தோலோடு ஒட்டிக்கொண்டது, தூக்கமில்லாமல் வீட்டின்மேல் தனியாக இருக்கிற குருவியைப் போல இருக்கிறேன் என்று வரும். ஏழு வாரம் மாடி அறையில் இருக்கிறவருக்கு அந்தக் குருவியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தது 88. இது இருட்டிலேயே முடிகிற சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது 'ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன்' என்று ஒரு திருப்பம் வரும், இதில் வராது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள், அவ்வளவுதான், முடிந்தது. சின்ன வயதில் இதைப் படித்தபோது அச்சுக்காரன் ஒரு பக்கத்தை விட்டுவிட்டானோ என்றுகூட நினைத்தேன். ஆனால் தலைப்பைக் கவனியுங்கள். எழுதியவன் ஏமான், கொடுக்கப்பட்டது கோராகின் புத்திரருக்கு, அதாவது ஆலயத்தில் பாடுகிறவர்களுக்கு. எனக்கு யாருமே இல்லை என்ற ஒரு மனுஷனின் அழுகையை எடுத்து, பாடகர் குழு கையில் கொடுத்து, எல்லாருமாகச் சேர்ந்து பாடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். யாருமே இல்லை என்று நீங்கள் 88-ஐ வாசிக்கும்போது உங்களுக்கு முன்னால் எத்தனை நூற்றாண்டு ஜனங்கள் அதே வரியில் நின்றிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் வேண்டாம். நாள் முழுக்கப் பேச்சில்லாத தொண்டைக்கு அதுவும் ஒரு வேலை.

கடன் வாங்கிய வார்த்தையால் தனிமையைத் தாண்டியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் டீட்ரிச் போன்ஹோஃபர். ஜெர்மன் லுத்தரன் போதகர், ஹிட்லருக்கு எதிராக நின்றவர், 1943 ஏப்ரல் 5-ஆம் தேதி பெர்லினில் கைதாகி டேகல் சிறையில் போடப்பட்டார். முதல் இரவில் கொடுத்த கம்பளி அவ்வளவு நாற்றம், அந்தக் குளிரிலும் அதைப் போர்த்த முடியவில்லை. (பவுலின் மேலங்கி ஞாபகம் வருகிறதா?) அவர் என்ன செய்தார் என்றால், நாளை ஒழுங்கு பண்ணிக்கொண்டார். சங்கீதம், வேதவாசிப்பு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய ஞானப்பாட்டுகள், நடை, எழுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரம். காலையிலும் மாலையிலும் ஜெபிக்கும்போது லூத்தர் சொல்லிக்கொடுத்தபடி சிலுவை அடையாளம் போடுவது தனக்கு உதவியாக இருக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் இறையியல் சொல்லிக்கொடுத்த மனுஷன், சிறையில் அவருக்குக் கைகொடுத்தது நெற்றியிலும் நெஞ்சிலும் கையை வைக்கிற அந்தச் சின்னக் காரியம். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் அது ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கப் பழக்கம் என்று செய்ய மாட்டார்கள், நானும் கூச்சப்பட்டு ரொம்ப நாள் கழித்துத்தான் தொடங்கினேன். மனது வேலை செய்யாத நாளில் கையாவது ஜெபிக்கட்டும்.

அவரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். வீட்டாரிடம் புத்தகம் கேட்டார், புகையிலை கேட்டார், துணிமணி கேட்டார். 1943 கிறிஸ்துமஸ் நேரத்தில் அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. நேசிக்கிறவர்கள் இல்லாத வெற்றிடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது, தேவன் அதை நிரப்புகிறார் என்று சொல்வது தவறு, அவர் அதை நிரப்பாமல் காலியாகவே வைத்திருக்கிறார், அதனால்தான் வேதனையோடாவது அந்த உறவு காக்கப்படுகிறது என்பது அதன் சாரம். முதல் தடவை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இதென்ன ஆறுதல் என்று. பிறகு அம்மா இறந்த வருஷம் மறுபடி வாசித்தேன், அப்போது அது ஒன்றுதான் உண்மையாகப் பட்டது. நீங்கள் சபையை நினைத்து, கூடப் பாடுகிறவர்களை நினைத்து, ஏங்குகிறீர்களே, அந்த ஏக்கத்தை ஏதோ ஒரு யூடியூப் பிரசங்கத்தால் அடைத்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஏங்குகிறவரைக்கும் நீங்கள் இன்னும் அவர்களோடு சேர்ந்தவர்தான். போன்ஹோஃபர் விடுதலையாகவில்லை, 1945 ஏப்ரல் 9-ல் ஃப்ளோஸென்பெர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள், வயது 39. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், நம்பினால் கதவு திறந்துவிடும் என்ற கணக்குக்கு அவர் உதாரணம் ஆகமாட்டார்.

எலியாவையும் மறந்துவிட வேண்டாம். சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசிக்கு தேவன் வசனம் அனுப்பவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதற்கு அப்புறம்தான் பயணம், ஓரேப் மலை, மெல்லிய சத்தம் எல்லாம். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று அவன் இரண்டு தடவை சொன்னதற்கு, இல்லை, ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னதும் கடைசியில்தான். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதை ஜெபக்குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் உங்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். இது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் எலியாவின் அடையை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கோயிலுக்குப் போக முடியாத வருத்தத்தைப் பற்றி ஒன்று. சங்கீதம் 42-ல் ஒருவன் பண்டிகைக் கூட்டத்தோடு தான் முன்னே நடந்து ஆலயத்துக்குப் போனதை நினைத்து நினைத்து உருகுகிறான், தாகமான மான் என்று நாம் பாடுகிற அதே சங்கீதத்தில். 2020-ல் நமக்கெல்லாம் அது கொஞ்சம் புரிந்தது. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, ஈஸ்டர் 12, ஊரடங்கின் நடுவில். எங்கள் ஊரில் கோயில்குட்டி, கோயில் வேலைகளைப் பார்க்கிறவர், மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் மணியடித்தார், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே. முதல் மணிக்கு அம்மா குளித்து, இரண்டாம் மணிக்கு வெள்ளைச் சேலை கட்டி, மூன்றாம் மணிக்கு நாற்காலியை கோயில் பக்கம் திருப்பிப் போட்டு பாமாலைப் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். டி.வி.யில் ஆராதனை ஓடுகிறது, இங்கே வாம்மா என்றால் வரமாட்டாள், "அது யாரோட கோயிலோ" என்பாள். உங்கள் சபை ஆராதனை எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்கு, நல்ல துணி உடுத்தி, அன்றைய வேதபாடம் என்ன என்று யாரிடமாவது கேட்டு வைத்துக்கொண்டு, அவர்கள் வாசிக்கிற நேரத்தில் நீங்களும் வாசியுங்கள்.

நற்கருணையையும் கேளுங்கள். வியாதியஸ்தர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க சபைகள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம், யாரும் உங்களுக்குச் செய்கிற சலுகை இல்லை. டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: முகக்கவசம் போட்டு, கைகழுவி, சளி இருமல் இல்லாத ஒருவர் மட்டும் வரலாமா என்று. எல்லாரும் வாய் வைக்கிற பொதுக் கிண்ணம் உங்களுக்கு ஆகாது, அப்பம் மட்டும் எடுத்தாலும் போதும், போதகர் ஐயரிடம் சொன்னால் புரிந்துகொள்வார்.

தனிமையைத் தாங்களாக விரும்பி ஏற்றவர்களிடமும் ஒரு தந்திரம் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் பதினான்காம் நூற்றாண்டில் ஜூலியன் என்ற பெண் கோயில் சுவரை ஒட்டிய சிற்றறையில் மீதி வாழ்நாளெல்லாம் அடைபட்டு இருந்தார். இப்படிப்பட்ட அறைகளுக்கு வழக்கமாக மூன்று ஜன்னல் வைப்பார்கள்: ஒன்று பீடத்தைப் பார்க்க, ஒன்று சாப்பாடு வாங்க, ஒன்று தெருவில் வருகிறவர்களோடு பேச. கதவை அடைத்தவர்கள்கூட ஜன்னலை அடைக்கவில்லை. உங்கள் மாடி அறையில் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டு ஜன்னல் எப்படியும் இருக்கும்.

மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி வருகிறான். நியாயப்பிரமாணத்தின்படி அவன் பாளயத்துக்கு வெளியே தனியாகத்தான் இருக்க வேண்டும். இயேசு அவனைத் தொட்டுச் சுகமாக்குகிறார், யாரிடமும் சொல்லாதே என்கிறார், அவன் போய் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். முடிவு என்ன? அவன் ஊருக்குள், இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாக வரமுடியாமல் வனாந்தரமான இடங்களில். இடம் மாறிவிட்டது. கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் சொல்வது இதைத்தான். வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் இருக்கிற பக்கத்துக்கு அவர் வந்து நின்றுகொண்டார், பிறகு நகர வாசலுக்குப் புறம்பே சிலுவையில் அறையப்பட்டார், மரணம் அவரை அங்கேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த அறைக்குள்தான் வந்தார். எட்டு நாள் கழித்து மறுபடி வருகிறார், அப்போதும் கதவு பூட்டித்தான் இருக்கிறது என்று யோவான் எழுதுகிறார். அவரைக் கண்ணால் கண்ட பிறகும் கதவைத் திறந்து வைக்கத் தைரியம் வரவில்லை அவர்களுக்கு! அதற்காக அவர் கோபப்படவில்லை, வாசலில் நின்றுகொண்டு விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. உள்ளே வந்து, சமாதானம் என்று சொல்லி, காயங்களைக் காட்டினார்.

சந்தோஷம் வருமா என்றால், வரும்போது வரட்டும். இன்றைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வராதவர்கள் என்று உங்கள் மனதில் ஒரு பட்டியல் இருக்கும், எனக்கு இருந்தது போல. அதில் முதல் பெயரை எடுத்து ஒரு வாட்ஸப் அனுப்புங்கள். சாட்சி எழுத வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்று பொய்யும் எழுத வேண்டாம். வார்த்தை வரவில்லை என்றால் இதையே அப்படியே அனுப்பலாம்:

"அக்கா, எனக்கு வாசிக்க முடியல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு போன் பண்ணி சங்கீதம் 102 மட்டும் வாசிச்சிட்டு வைப்பீங்களா? நான் பேசலைன்னாலும் பரவாயில்ல, கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம் உங்க வீட்டுல இருக்கிற பழைய பாமாலை புஸ்தகம் ஒண்ணு, பெரிய எழுத்து போட்டது, குடுத்து விடுங்க. மழை தொடங்குறதுக்கு முன்னால ஒரு நாள் கீழே தெருவில வந்து நின்னு கை காட்டிட்டுப் போங்க, நான் ஜன்னல்ல இருப்பேன்."